ஒளி மருத்துவமா, ஊரை ஏய்க்கும் பிழைப்பா?

வாய்ப்புற்றால் வாடுவோர்க்கு மஞ்சளே மருந்து என்றும், அதனை மேலைநாட்டறிஞரும் ஒப்புக்கொண்டுவிட்டனர் என்றும் சொல்லித் திரிவோர் தமிழ்நாட்டில் பெருகியுள்ளனர். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த புற்றணுக்களின்மேல், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த பொருளை இட்டு நீல ஒளியைப் பாய்ச்சியபோது அவ்வணுக்கள் மாண்டன என்னும் செய்தியை எங்கோ படித்துவிடுகின்றனர். பின்னர் அதிலுள்ள 'கண்ணாடிக் கிண்ணம்' என்பதையும், 'பிரித்தெடுத்த பொருள்' என்பதையும், 'நீல ஒளி' என்பதையும் விழுங்கிவிட்டு, 'மஞ்சள் புற்றைக் கொல்லும்' என்னும் மூன்று சொற்களை மட்டும் ஊருக்கு வழங்குகின்றனர். அம்மூன்று சொற்களை நம்பி, வாயில் ஆறாத புண்ணோடு ஓர் உழவனோ நெசவாளியோ நான்கு திங்கள் மஞ்சட்குழம்பைப் பூசிக்கொண்டிருப்பானாயின், அந்நான்கு திங்களில் அவன் இழப்பது எது? நாவையா, தாடையையா, உயிரையா? இதனை எண்ணிப் பாராதவர் தமிழ்ப்பற்றாளர் என்னும் பெயரைத் தாங்கி நடமாடுவது அப்பெயருக்கே இழுக்கு.

'மரஞ்செடிகொடிகளின் மருத்துவ ஆற்றலை இகழ்கின்றனர்' என்று இதற்குக் கூக்குரலிடுவோர் சற்றே பொறுத்தல் வேண்டும். செடிகொடிகளின் நிறப்பொருளும் ஒளியும் கூடிப் புற்றணுவை அழிக்கும் என்பது பொய்யன்று, முழு உண்மை. அவ்வுண்மை எத்துணை அரியது, எத்துணை நுட்பமானது, எந்த எல்லைக்குள் நிற்பது என்று அறிந்தவன் அதனைத் தெருமுனையில் கூவி விற்கமாட்டான். கூவி விற்பவன் அதனை அறியாதவன். அல்லது அறிந்தே ஏய்ப்பவன். இருவருள் எவன் கொடியவன் என்பதை நோயாளியின் மனைவி மக்களே சொல்லவல்லவர்.

இம்மருத்துவம் பிறந்த வகையைக் காண்க. 1900 ஆம் ஆண்டில் செருமனி நாட்டு மியூனிக்கு நகரில் ஆசுகர் இராபு என்னும் மருத்துவ மாணவர், அக்கிரிடின் என்னும் சாயம் நீர்வாழ் நுண்ணுயிரியை எவ்வளவு நேரத்திற் கொல்லும் என அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம். ஒரே வகை உயிரி. ஆயினும், ஒருநாள் விரைவில் மாண்டவை மற்றொருநாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. வேறொருவராயின் 'ஆய்வு பிழைத்தது' என்று குறிப்பேட்டை மூடியிருப்பர். அவரோ, அந்நாள்களில் அறைக்குட் புகுந்த வெளிச்சத்தின் அளவு வேறுபட்டிருந்தமையைக் கண்டார். சாயம் தனித்து அவ்வாறு கொல்லவில்லை. வெளிச்சமும் தனித்துக் கொல்லவில்லை. இரண்டும் கூடியபோதே கொன்றன. அவருடைய ஆசிரியர் எர்மன் வான் தப்பைனர், 1903 இல் யெசியோனெக்கு என்பவரோடு சேர்ந்து, இயோசின் என்னும் சாயத்தைத் தோற்புற்றின்மேல் தடவி ஒளியிற் காட்டினார். உயிர்வளியும் உடனிருந்தாலன்றி இவ்வினை நிகழாது என்பதும் அவர் கூடத்திலேயே தெளிவாயிற்று. 'எம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்று மார்தட்டியவர் எவரும் இதனைக் கண்டறியவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருகின்றதே என்று உறக்கமிழந்த ஒரு மாணவரே கண்டறிந்தார்.

பின்னர் இக்கலை நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1970-களில் அமெரிக்க நாட்டுப் பபலோ நகரில் தாமசு தௌகர்த்தி என்பார், குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து ஆக்கிய சாயத்தைக் கொண்டு அதனை மீண்டும் எழுப்பினார். அச்சாயம் 1993 இல் கனடா நாட்டில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995 இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் மருந்தாக ஏற்கப்பட்டது. முதற் கண்டுபிடிப்புக்கும் முதல் ஏற்புக்கும் இடையே 93 ஆண்டுகள்! ஒரு கிழமையில் மருந்து கண்டுபிடித்து மறுகிழமையில் புட்டியில் அடைத்து விற்போர் இவ்வெண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தல் நன்று.

இனி, அது வினைசெய்யும் முறை. ஒளியை உண்ணும் நிறப்பொருள் ஒன்று உடலுட் செலுத்தப்படுகின்றது. அல்லது கட்டியின்மேல் தடவப்படுகின்றது. அது புற்றணுக்களில் தங்கியிருக்கும் நேரம் பார்த்து, அந்நிறப்பொருள் எந்நிற ஒளியை உண்ணுமோ அந்நிற ஒளி அவ்விடத்தில் மட்டும் பாய்ச்சப்படுகின்றது. ஒளியை உண்ட நிறப்பொருள் தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள உயிர்வளிக்குத் தருகின்றது. உயிரைக் காக்கும் அவ்வளியே, அவ்வாற்றலைப் பெற்றவுடன் வெறிகொண்டாற்போல் உயிரணுவின் சவ்வையும் உள்ளுறுப்புகளையும் சிதைக்கின்றது. அதன் வாழ்நாள் ஒரு நொடியின் மிகமிகச் சிறு கூறு. ஆதலின், தான் தோன்றிய இடத்தை விட்டு அது பெரும்பாலும் அகல்வதில்லை. கட்டிக்குச் சோறூட்டும் நுண்குழாய்களும் அடைபடுகின்றன. ஒளி படாத இடத்தில் இவற்றுள் எதுவும் நிகழாது. ஒளியும் நிறப்பொருளும் உயிர்வளியும் ஆகிய மூன்றும் உரிய அளவில், உரிய இடத்தில், உரிய நேரத்தில் கூடவேண்டும். ஒன்று குறையினும் மருந்தில்லை.

செடிகொடிகளுக்கு இதில் பங்கு உண்டா? உண்டு, பெரும்பங்கே உண்டு. ஒளியை உண்பதற்கென்றே பிறந்தது இலையின் பச்சையம் அன்றோ? அப்பச்சையத்தின் நடுவிலுள்ள வெளிமத்தை நீக்கிச் சில மாற்றங்கள் செய்தால், குளோரின் வகையைச் சார்ந்த ஒளியேற்பிச் சாயங்கள் கிடைக்கின்றன. அவ்வகையில் ஆக்கப்பட்ட தலபோர்பின் என்னும் மருந்தை 2003 இல் சப்பான் நாடு தொடக்கநிலை நுரையீரற் புற்றுக்கு ஏற்றது. ஐரோப்பாவில் 2001 இல் தலை, கழுத்துப் பகுதிகளில் முற்றிய புற்றுக்கு ஏற்கப்பட்ட தெமோபோர்பின் என்பதும் அதே வளைய அமைப்பைக் கொண்டதே. ஆனால் அஃது இலையிலிருந்து வடித்ததன்று, வேதியற்கூடத்திற் கட்டியது. ஐப்பெரிகம் என்னும் ஐரோப்பியச் செடியை மேய்ந்த வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் வெயிலில் தோல் வெந்து புண்ணாவதை அந்நாட்டு இடையர் நெடுநாளாக அறிவர். அதற்குக் கரணியமான ஐப்பெரிசின் என்னும் செந்நிறப் பொருளின் செயற்கை வடிவைக் களிம்பாக்கி, தோலில் பரவும் ஒருவகை நிணநீரணுப் புற்றின்மேற் பூசி ஒளியிற் காட்டிய ஆய்வின் முடிவு 2022 இல் வெளிவந்தது. ஆறு கிழமை முடிவில் மருந்து பூசியவருள் 16 விழுக்காட்டினர்க்கும், மருந்தற்ற களிம்பைப் பூசியவருள் 4 விழுக்காட்டினர்க்கும் படைகள் பாதிக்குமேற் குறைந்தன. மருந்தற்ற களிம்பிலும் நூற்றுக்கு நான்கு பேர்க்கு நலந்தோன்றியது என்பதையும் மறையாமல் எழுதியிருக்கின்றனரே, அதுதான் அறிவியல்! மஞ்சள் விற்போன் எவனேனும் 'இதைப் பூசாதவருள் இத்தனை பேர்க்குத் தானே குணமாயிற்று' என்று எழுதியதுண்டா?

தமிழ் மருத்துவர் தோல்நோய்க்கு ஆளும் கார்போகரிசியின் கதை இன்னும் கூர்மையானது. அவ்விதையிலிருந்து சோரலென் என்னும் பொருளை இந்திய வேதியலறிஞர் 1933 இலேயே பிரித்தெடுத்தனர். எகிப்து நாட்டில் நைலாற்றங்கரையில் முளைக்கும் வேறொரு செடியின் விதையை உண்டு வெயிலில் நின்று வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்துவந்தனர். கெய்ரோவில் எல் மொப்தி என்னும் மருத்துவர் 1940-களில் அதனை முறையாக ஆய்ந்தார். இரண்டு விதைகளிலும் இருந்தவை ஒரே குடும்பத்துப் பொருள்களே. 1974 இல் அப்பொருளும் புறவூதா ஒளியும் காளாஞ்சகப்படைக்கு மருந்தாயின. 1987 இல் எடல்சன் என்பாரும் அவர் குழுவினரும், அம்மருந்தை உண்ட நோயாளியின் குருதியிலுள்ள வெள்ளணுக்களை வெளியே எடுத்து ஒளியிற் காட்டி மீண்டும் உடலுட் செலுத்தி, தோலைப் பற்றிய நிணநீரணுப் புற்றுக்குப் பயன் கண்டனர். மறு ஆண்டே அமெரிக்க அரசு அதனை ஏற்றது. செடிப்பொருளும் ஒளியும் கூடிப் புற்றுக்கு மருந்தானமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை. இப்பொருள் உயிர்வளியின் வழியே அன்றி, உயிரணுவின் மரபிழையையே நேரிற் பற்றிப் பிணிப்பது. ஆதலின், படைநோய்க்கு இம்மருத்துவத்தைப் பல்லாண்டு பன்முறை செய்துகொண்டவர்க்குத் தோற்புற்று மிகுதியாகத் தோன்றுவதை 1979 முதல் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஒரு புற்றுக்கு மருந்தான அதே இணை மற்றொரு புற்றுக்கு வித்தானது! 'செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது' என்று ஓதுவோர் இதற்கு என்ன மறுமொழி சொல்வர்? எட்டிக்காயும் செடிகொடி வகையில் வந்ததே. அலரி வேரும் மண்ணில் முளைத்ததே.

இப்பொழுது மஞ்சளுக்கு வருவோம். உலர்ந்த மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே குர்க்குமின் என்னும் நிறப்பொருள் உள்ளது. அது நீரிற் கரைவதில்லை. நாளொன்றுக்கு எட்டு கிராம் அளவு தூய குர்க்குமினை உண்பித்துப் பார்த்தும், குருதியில் மிகச் சிற்றளவே காணப்பட்டது. குடல் அதனை ஏற்பதில்லை. ஏற்ற சிறிதையும் ஈரல் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகின்றது. 'உண்ணவேண்டா, புண்ணின்மேற் பூசுவோம்' என்பர். பூசினும், அஃது உண்ணும் ஒளி 420 முதல் 430 நானோமீட்டர் அளவில் அமைந்த ஊதா கலந்த நீல ஒளி. அவ்வொளி தசைக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதற்குள் பெரும்பாலும் அவிந்துவிடும். புற்றோ, மேற்படலத்தைத் துளைத்து உள்ளே வேரூன்றிய பின்னரே பெரும்பாலோர் கண்ணுக்குப் படுகின்றது. மேலும், வெளிச்சத்தில் வைத்த மஞ்சட்சாயம் விரைவில் வெளிறிப்போவதை மஞ்சள் தோய்த்த துணியை வெயிலில் உலர்த்திய எந்தத் தாயும் அறிவாள். ஒளியால் இயங்கவேண்டிய மருந்து ஒளியாலேயே அழிகின்றது என்றால், அதற்குக் காப்பும் கட்டுமானமும் வேண்டும். அவற்றைத்தான் ஆய்வாளர் பல நாடுகளில் இன்று முயன்றுகொண்டிருக்கின்றனர். வாயிலுள்ள நோய்நுண்ணுயிரிகளைக் குறைப்பதற்கு மஞ்சட்பொருளையும் நீல ஒளியையும் சேர்த்து மாந்தரிடத்தே ஆய்ந்துள்ளனர். அது நல்ல தொடக்கம். ஆனால், வாய்ப்புற்றுக்கு மருந்தென்று இதனை எந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஏற்றதில்லை. இவ்வேறுபாட்டை மறைப்பவன் மஞ்சளின் நண்பன் அல்லன், அதன் பகைவன்.

மஞ்சளின் உரிமையைக் காத்தவர் எவ்வாறு காத்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டபோது, இந்திய அறிவியல் தொழில் ஆய்வுக் கழகம் பழைய நூற்சான்றுகளையும் அச்சேறிய ஆய்வுரைகளையும் அடுக்கி வழக்காடியது. 1997 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அங்கே வென்றவை ஏடும் எழுத்தும் சான்றும். மேடை முழக்கம் எடுபட்டிருந்தால், அத்தனியுரிமை முதற்கண் வழங்கப்பட்டே இராது.

வாய்ப்புற்றுக்கு ஒளி மருத்துவம் பொருந்துமா என்பதே இங்குத் தலையாய கேள்வி. பிற உறுப்புகளை நோக்க, வாய்க்கு அது மிகப் பொருந்தும். வாயைத் திறந்தால் ஒளி எட்டும். குழாயிட்டு உள்ளே துழாவவேண்டுவதில்லை. அறுவை மருத்துவம் நாவில் ஒரு பகுதியைக் கொய்துவிட்டால், பேச்சும் விழுங்கலும் குன்றும். கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பியை வறளச்செய்யும். ஒருமுறை முழு அளவு கொடுத்த இடத்தில் மீண்டும் கொடுத்தல் அரிது. ஒளி மருத்துவமோ தசையின் கட்டுக்கோப்பைப் பெரும்பாலும் குலைப்பதில்லை. புண் ஆறும்போது தழும்பு குறைவு. வேண்டின் மீண்டும் செய்யலாம். தெமோபோர்பின் மருந்தைக் குருதிக்குழாயிற் செலுத்தி, நான்கு நாள் கழித்து, 652 நானோமீட்டர் செவ்வொளியைக் கட்டியின்மேல் ஏறத்தாழ 200 நொடி பாய்ச்சுகின்றனர். தொடக்கநிலை வாய்ப்புற்று உடையவரிடத்து ஐரோப்பாவில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வொன்றில், 114 பேருள் 97 பேர்க்குக் கட்டி முற்றும் மறைந்தது. நாவிழந்து பேச்சிழக்கவிருந்தவர் நாவோடு வீடு திரும்பினர் என்றால், அதன் அருமையைத் தமிழ்மொழியை உயிரெனப் போற்றுவோர்க்கு எடுத்துச்சொல்லவேண்டுமோ?

ஆயினும், 'தொடக்கநிலை' என்னும் சொல்லை அடிக்கோடிட்டுப் படித்தல் வேண்டும். செவ்வொளியும் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் ஆழத்தைக் கடப்பதில்லை. தாடையெலும்பில் ஏறிய புற்றையும், கழுத்துக் கணுக்களிற் பரவிய புற்றையும் வாயிற் பாய்ச்சிய ஒளி தொடாது. மெல்லியதாய், மேலோடியதாய் இருக்கும்போது கண்டவர்க்கே இம்மருத்துவம் முழுமையாக உதவும். பூச்சிலும் கசாயத்திலும் நாளைக் கழித்துவிட்டு வருபவர்க்கு, 'செடியால் ஒளியால் குணப்படுத்துங்கள்' என்று மருத்துவரை வேண்டினும் வழியில்லை. ஆகவே, செடியும் ஒளியும் மருந்தாகும் என்று முழங்குவோரே, அம்மருந்து பயன்படும் காலத்தைத் திருடிக்கொள்கின்றனர்!

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனக் கணக்கின்படி, 2022 இல் உலகெங்கும் உதடு, வாய்ப் புற்று புதிதாகக் கண்டோர் ஏறத்தாழ 3,90,000 பேர். அவருள் 1,43,000-க்கு மேற்பட்டோர் இந்திய நாட்டினர். அதே ஆண்டில் இந்நாட்டில் அந்நோயால் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். இத்துணைக் கொடுமைக்கு வேர் எது? புகையிலை. அது போர்த்துக்கீசியர் வழி வந்த அமெரிக்கச் சரக்கு, தமிழ் மண்ணுக்குரியதன்று, ஆதலின் அதனைப் பழிப்பது எளிது. பழிக்கக் கசப்பது பாக்கு. புகையிலை கலவாத வெற்றிலைப்பாக்கும் புற்றை விளைக்கும் என்றும், பாக்கே தனித்து அத்தீமையுடையது என்றும் அதே நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலில் ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. இலையின்மீது பழியில்லை, பாக்கின்மீது உண்டு. திருமணத் தட்டிலும் விருந்து முடிவிலும் பாக்கை வைத்துப் பழகிய கைகளுக்கு இஃது இனிக்காது. தாம்பூலம் என்னும் வடசொல்லை விலக்கி வெற்றிலைப்பாக்கு என்று தூய தமிழிற் சொல்லிவிட்டால், பாக்கின் நஞ்சு தூயதாகிவிடாது. தட்டில் இலையும் மஞ்சளும் பழமும் இருக்கட்டும். பாக்கு வாய்க்குட் செல்லாதிருக்கட்டும்.

புகையிலைத்தூளும் பாக்கும் கலந்த பொட்டலங்களைத் தமிழ்நாட்டரசு 2013 இல் தடைசெய்தது. தடைசெய்த பின்னும் பெட்டிக்கடைகளில் அவை கைமாறுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதனைக் கண்டும் வாய்திறவாதவர் மஞ்சளின் மாண்பைப் பற்றி மணிக்கணக்காக வாய்திறப்பது வேடிக்கை.

தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டுமோ? கேரளத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த ஆய்வைப் பார்க்க. பயிற்சிபெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று, கைவிளக்கைப் பிடித்து வாய்களைத் திறந்து பார்த்தனர். வெண்படலம், செம்படலம், ஆறாப்புண் கண்டவரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005 இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஒளி மருத்துவம் என்று பெயர்சூட்டத் துடிப்போர் முதலில் இந்த ஒளியைக் கையில் எடுக்கலாமே! மன்றங்கள்தோறும் ஆண்டுக்கு ஒருநாள் பல்மருத்துவர் ஒருவரை அழைத்து, வந்தவர் வாயையெல்லாம் பார்க்கச் செய்வதற்கு ஒரு கைவிளக்கும் ஒரு நாற்காலியும் போதும். ஒரு பாட்டரங்கின் ஒலிபெருக்கிச் செலவில் நான்கு ஊர்களுக்கு இதனைச் செய்யலாம்.

மொழிக்கும் இதில் உயிர்நாடியான இடமுண்டு. ஒளியேற்பிச் சாயம் உடலிற் செலுத்தப்பட்டவர் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழவேண்டும். தெமோபோர்பின் பெற்றவர் முதல்நாள் இருண்ட அறையிலிருந்து, பின் பதினைந்து நாள்வரை சிறிது சிறிதாகவே வெளிச்சத்துக்குப் பழகவேண்டும். பபலோவில் வளர்ந்த சாயத்தைப் பெற்றவர்க்கு 30 நாளுக்குக் குறையாத வெயிற்காப்பு வேண்டும். தவறினால் தோல் வெந்துபோகும். இவ்வறிவுரையை ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தமிழ் உழவன் கையிற் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது மருத்துவமா? வயலுக்குச் செல்லாதே என்பதை அவன் மொழியிற் சொல்லாதவர்க்கு, அவன் உடலில் மருந்தைச் செலுத்தும் உரிமை ஏது? 'ஒளியியங்கு மருத்துவம்' என்னும் தொடரைத் தமிழன் விளங்கிக்கொள்ள அகரமுதலி வேண்டுவதில்லை. 'ஒளியேற்பி' என்றால் அது வெளிச்சத்தை ஏற்பது என்று எழுத்தறியாப் பாட்டிக்கும் புரியும். வெயிலை ஏன் விலக்கவேண்டும் என்பதும் அச்சொல்லிலேயே விளங்கிவிடும். புதிய மருத்துவத்தைத் தமிழிற் சொல்லாமல் விட்ட வெற்றிடத்திலேதான் மஞ்சட்புட்டி விற்போன் கடைவிரிக்கின்றான். அவன் பொய் சொல்கின்றான். ஆனால் தமிழிற் சொல்கின்றான். உண்மை சொல்வோர் வேற்றுமொழியிற் சொல்கின்றனர். நோயாளி யாரை நம்புவான்?

'எவ்வளவோ பேர் குணமாகியிருக்கின்றனரே' என்பது அவர்களின் இறுதிப் படைக்கலம். குணமானது புற்றா, பல் உராய்ந்த புண்ணா என்று கேட்டால் விடையிராது. சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியிற் பார்த்த சான்று இருக்காது. குணமாகாதவர் திரும்பி வந்து மறுப்புரைக்கவும் போவதில்லை. அவர் சுடுகாட்டுக்குச் சென்றுவிட்டார். உண்மைச் சித்த மருத்துவர் பலர் ஆறாப்புண்ணைக் கண்டவுடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பதையும் இங்கே சொல்லுதல் வேண்டும். அவர் பெயரைக் கெடுப்பவரும் இவ்வணிகரே.

இவர்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எம்மருந்துக்கும் விளம்பரம் செய்தல் குற்றம் என 1954 ஆம் ஆண்டின் மருந்து, மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் கூறுகின்றது. முதற்குற்றத்துக்கு ஆறு திங்கள்வரை சிறையும், மீண்டும் செய்தால் ஓராண்டுவரை சிறையும் அதில் உண்டு. சுவரொட்டியாயினும், துண்டறிக்கையாயினும், புட்டியின் மேலொட்டிய தாளாயினும் அச்சட்டத்துக்குள் அடங்கும். அத்தகைய தாள் கையிற் கிடைத்தவர், அதனைக் கிழித்தெறியாமல், கிடைத்த நாளையும் கடையின் பெயரையும் பின்புறத்தில் தமிழில் எழுதி, மாவட்ட மருந்து ஆய்வாளர்க்கு ஒப்புகை பெறும் வகையில் அஞ்சலில் அனுப்புக. ஒப்புகை கிடைத்தபின் முப்பது நாள் பார்த்து, விடை வாராதாயின், அதே தாளின் படியை மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்புக.